நோட்டீஸ் போய்ச் சேருமுன் உத்தரவு கையில் இருக்கணும்

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டாச்சு, இனி பயமில்லை என்று நிறையப் பெண்கள் நம்புகிறார்கள். மனு போட்ட அன்று பல நீதிமன்றங்களில் நடப்பது ஒன்றுதான்: கணவருக்கு நோட்டீஸ் அனுப்பி வாய்தா போடுவார்கள். நோட்டீஸ் பாதுகாப்பு உத்தரவு ஆகாது. அது வீட்டுக்குப் போன நாளுக்கும் முதல் வாய்தாவுக்கும் நடுவில்தான் 'என் மேலேயே கேஸ் போட்டியா' என்ற அடி விழும். அந்த நாட்களில் உத்தரவு எதுவும் இல்லாமல் ஒரு பெண்ணை அதே வீட்டில் விட்டுவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இத்தனைக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பை விசாரிக்காமலே நடுவர் (மாஜிஸ்திரேட்) இடைக்கால உத்தரவு போடலாம். வக்கீல்கள் எக்ஸ்பார்ட்டி உத்தரவு என்பார்கள். 12-ஆம் பிரிவின் கீழ் மூல மனு படிவம் 2-இல். இடைக்கால உத்தரவுக்கான பிரமாணப் பத்திரம் படிவம் 3-இல். பலர் மூல மனுவிலேயே ஜீவனாம்சம், நகை, குழந்தை, பாதுகாப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, 23-ஐத் தனியாகக் கேட்பதில்லை. அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் இருக்க வேண்டும், 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது மாதக்கணக்கில் இழுக்கிறது. அதனால் தாக்கல் செய்யும் அன்றே 'நோட்டீஸுக்கு முன்னால் உத்தரவு வேண்டும்' என்று வக்கீல் எழுந்து கேட்டாக வேண்டும்.

நடுவர் அந்த நேரத்தில் பார்ப்பது பிரமாணப் பத்திரத்தைத்தான். 'அடிக்கடி அடித்துத் துன்புறுத்துவார்' என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் எதையும் முடிவு செய்ய முடியாது. 'மார்ச் 3, இரவு பத்தரை மணி, சமையலறையில், தோசைக் கரண்டியால் இடது முழங்கையில் அடித்தார். மறுநாள் அரசு மருத்துவமனையில் காட்டினேன், ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) காப்பி இணைத்திருக்கிறேன். இந்த வாரம் பெட்ரோல் கேனைக் காட்டி மிரட்டினார்' என்று இருந்தால் வேறு மாதிரி. கடைசியாக நடந்ததை முதலில் எழுதுங்கள். அவசரம் அதில்தான் தெரியும். மருத்துவரிடம் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொன்னால் ஏ.ஆர். பதிவிலும் அதுதான் ஏறும், பிறகு அதுவே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகும். யார் அடித்தது என்பதைச் சொல்லியே பதியச் சொல்லுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் உட்கார வைத்துப் பேசி, 'இனி அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கி அனுப்பும் பழக்கம் நம்மூரில் வேரூன்றிவிட்டது. அந்தத் தாளுக்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது. ஆனால் அடித்ததை ஒப்புக்கொண்ட எழுத்து அது. நகல் வாங்கி, புகார் கொடுத்ததற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மனுவில் சேருங்கள்.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று மட்டும் கேட்டால் உத்தரவும் அப்படித்தான் வரும். 18-ஆம் பிரிவு இன்னும் நிறையத் தருகிறது: வேலை பார்க்கும் இடத்துக்கு வரக் கூடாது, குழந்தையின் பள்ளிக்குப் போகக் கூடாது, போனிலோ ஆள் விட்டோ பேசக் கூடாது, வங்கி லாக்கரைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றையும் பெயர், இடம் போட்டுக் கேளுங்கள். கணவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லியும் 19-ஆம் பிரிவில் கேட்கலாம். மாமியாரையோ நாத்தனாரையோ அப்படி வெளியேற்ற முடியாது, ஆனால் அவர்கள் கொடுமை செய்தால் தடை உத்தரவு வாங்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். ஆனால் ஒளிந்து தங்கியிருந்தால் அந்த முகவரியை மனுவில் எழுதாதீர்கள், நகல் கணவர் கைக்குப் போகும். வக்கீலிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. மனு எழுத மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் அறிக்கை வந்தால்தான் உத்தரவு என்று யாராவது திருப்பி அனுப்பினால், அறிக்கை இல்லாமலும் உத்தரவு போடலாம் என்ற 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அவசர உதவி எண் 112, அல்லது பெண்கள் உதவி எண் 181.

உத்தரவு வந்ததும் நகல் இலவசம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே அனுப்ப வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு நகலை நேரில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு நிலைய முத்திரை வாங்குங்கள். கணவர் அதை மீறினால் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் வர முடியாத குற்றம். 'இது குடும்ப விஷயம், பேசிக்கோங்க' என்று நிலையத்தில் சொன்னால், அந்த முத்திரை போட்ட நகலை மேஜையில் வைத்து, மீறிய தேதியையும் நேரத்தையும் எழுதிய புகாரைக் கொடுத்து ரசீது கேளுங்கள்.