ஃபைனுக்குச் சண்டை போட்டோம், ஆறு மாதத்தைக் கோட்டை விட்டோம்

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்தபோது நாம் எல்லோரும் எதைப் பற்றிப் பேசினோம்? ஃபைன். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. வண்டி விலையைவிட அபராதம் அதிகம் என்று மீம்ஸ் பறந்தன. டிவி விவாதங்களிலும் அதே பாட்டுதான். தமிழ்நாட்டில் அந்தத் தொகை அமலுக்கு வர 2022 அக்டோபர் ஆனது. அப்போதும் ஒரு ரவுண்டு திட்டித் தீர்த்தோம். அதே சட்டத்துக்குள், அடிபட்டவன் வயிற்றில் அடிக்கிற ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

166-ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். தாண்டினால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மனுவைக் கையிலேயே வாங்கக்கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருப்பவன். எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனு, அஃபிடவிட், வக்காலத்து எல்லாம் என் கீபோர்டைத் தாண்டித்தான் உள்ளே போகும். நீதிபதி பார்ப்பதற்கு முன்பே அந்தக் குடும்பங்களின் கதையை நான் படித்துவிடுவேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1939-ஆம் வருடச் சட்டத்திலும் ஆறு மாதக் கெடு இருந்தது. ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணம் சொன்னால் கோர்ட் மன்னிக்கலாம். 1988-இல் புதுச் சட்டம் வந்தபோது கொஞ்சம் இறுக்கினார்கள்: காரணம் சொன்னாலும் மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்தாறு வருடம் அதை நடத்திப் பார்த்தார்கள். குடும்பத் தலைவனைப் பறிகொடுத்தவர்கள் கெடு தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்தால் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1994-இல் நாடாளுமன்றமே அந்தக் கெடுவை முழுசாகத் தூக்கி எறிந்தது. ஏன் தூக்கினார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தன்னாலால் வழக்கில் விளக்கியிருக்கிறது: இறந்தவரின் வாரிசுகளுக்கு நேர்ந்த அநியாயத்தை நாடாளுமன்றம் உணர்ந்துகொண்டதுதான் காரணம். சரி, அப்படி உணர்ந்த அதே நாடாளுமன்றம் 25 வருடம் கழித்து அந்தக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை 1939-இன் இரக்கமும் இல்லை, 1988-இன் ஒரு வருடமும் இல்லை. தாமதத்தை மன்னிக்கலாம் என்ற வாசகமே அந்த உட்பிரிவில் கிடையாது.

பக்கத்துப் பிரிவுகளையும் புரட்டிப் பாருங்கள். தீர்ப்பு பிடிக்காமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக 90 நாள். தாண்டினால்? காரணம் சொன்னால் ஹைகோர்ட் ஏற்றுக்கொள்ளலாம் என்று 173-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. சட்டப் பிரிவும் வக்கீல் பேனலும் வைத்திருக்கிற கம்பெனிக்கு மன்னிப்பு உண்டு. கால் உடைந்து கட்டிலில் கிடப்பவனுக்கு இல்லை. கைமாற்றாகக் கொடுத்த கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம். ஓட்டை ஃபிரிட்ஜ் விற்ற கடைக்காரர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருடம், அதிலும் தாமதத்தை மன்னிக்க வழி உண்டு. தொடை எலும்புக்கு ஆறு மாதம்.

ஆறு மாதம் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் கடைக்கு ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் வந்தார்கள். டி.வி.எஸ். எக்ஸெல்லில் வேலைக்குப் போன மனிதரை மினி வேன் இடித்துத் தள்ளியிருக்கிறது. தொடையில் பிளேட்டு, ஸ்குரூ. புண்ணில் சீழ் வைத்து இரண்டாவது ஆபரேஷன். ஜவுளிக்கடைப் பைக்குள் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் கசங்கிக் கிடந்தன. எஃப்.ஐ.ஆர். தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் தாண்டியிருந்தது. "காலு சரியாகட்டும்னுதான் அண்ணா இருந்தோம்" என்றார் அந்தம்மா. வேன்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து, 'கேஸ் எதுக்கு, நானே செலவைப் பார்த்துக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். முதல் மாதம் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். அப்புறம் போனை எடுக்கவில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கப் போனால், எலும்பு கூடட்டும், சிகிச்சை முடியட்டும் என்கிறார் டாக்டர். மருத்துவப்படி அவர் சொல்வது சரிதான். மனுவை முதலில் போட்டுவிட்டுச் சான்றிதழை அப்புறம் தாக்கல் செய்யலாம் என்பது இவர்களுக்கு யார் சொல்லி எப்படித் தெரியும்? இந்தக் கதையில் ஏமாந்தவர் ஒருவர், ஏமாற்றியவர் ஒருவர். சட்டம் யாருக்குத் தண்டனை கொடுக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாடாளுமன்றத்தில் இதையெல்லாம் பேசவே இல்லையா என்று கேட்கலாம். பேசினார்கள், வேறு விஷயங்களை. 2016 ஆகஸ்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி கொண்டுவந்த முதல் மசோதாவில் இன்னொரு பயங்கரம் இருந்தது: உயிர் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு 10 லட்சத்தோடு சரி, கொடுங்காயத்துக்கு 5 லட்சம். மேற்கொண்டு தொகையை வண்டி ஓனரிடம் வாங்கிக்கொள் என்று அர்த்தம். வாங்க முடியுமா? அதற்கு எதிர்ப்பு வலுத்தது. 2017 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றியபோது அந்த உச்சவரம்பு இல்லை. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், ஆட்சிக்காலம் முடிந்து அந்த மசோதா காலாவதியானது. 2019 ஜூலையில் மறுபடி வந்தது. அப்போது மாநிலங்களவையில் பெரிய சண்டை மாநில உரிமை பற்றி: பர்மிட், லைசென்ஸ் அதிகாரமெல்லாம் டெல்லிக்குப் போகிறதே என்று. நியாயமான கவலைதான். ஓட்டெடுப்பில் 108-க்கு 13. சில எழுத்துப் பிழைகளைத் திருத்தியதால் மறுபடி மக்களவைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மக்களவை அதை நிறைவேற்றிய நாள் 2019 ஆகஸ்ட் 5. அன்று நாடே காஷ்மீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்துப் பிழைக்காக ஒரு மசோதா இரண்டு சபைக்கும் நடையாய் நடந்தது. ஆறு மாதக் கெடுவைத் திருத்த ஒருவருக்கும் கை வரவில்லை.

சட்டத்தில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் தப்பு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று வைத்தது நல்லதுதான். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கேஸில் சாவுக்கு வெறும் 25,000-ஆக இருந்த தொகையை 2 லட்சமாக உயர்த்தினார்கள். நாடு முழுக்க 2022-இல் மட்டும் அப்படிப்பட்ட விபத்துகளில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள், ஆகவே சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த 5 லட்சத்துக்குள் ஒரு கொக்கி இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கிற மனு செத்துப்போகும். கணக்கைப் பாருங்கள். முப்பது வயது கொத்தனார், மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. நாலு பேர் நம்பியிருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 17. ஆக 32,13,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு மாதிரி சில்லறைத் தலைப்புகள் தனி. இந்த 32 லட்சத்தைத்தான் ஒரு காலத்தில் 10 லட்சத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். இப்போது 5 லட்சத்தைக் காட்டி, இதோடு போ என்கிறார்கள். கெடு தாண்டியவனுக்கு முட்டுச்சந்துதான். காரியம் முடியாத வீட்டுக்கு வந்து 5 லட்சம் உடனே கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்?

கெடுவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம் போலி கேஸ். போலி இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இங்கே எல்லோருக்கும் தெரியும். இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் இருக்கிற வண்டியை 'செட்' பண்ணுவார்கள். மாடியிலிருந்து விழுந்தவர் பைக்கில் விழுந்தவராக மாறுவார். எமர்ஜென்சி வார்டு வாசலில் புரோக்கர் நிற்பார். பர்சன்டேஜ் பேசி வக்காலத்தில் கையெழுத்து வாங்குவார். உத்தரப் பிரதேசத்தில் போலி கிளெய்ம்களை விசாரிக்கவே தனிப் புலனாய்வுக் குழு போட வேண்டியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் போலி கேஸ் போடுகிறவன் ஆறு மாதத்தைத் தாண்டுவானா? அவனிடம் ஆள் இருக்கிறது, பேப்பர் ரெடியாக இருக்கிறது, இரண்டாவது மாதமே மனு உள்ளே போய்விடும். கெடுவில் மாட்டுகிறவர் என் கடைக்கு வந்த கொத்தனார் மாதிரி ஆட்கள்தான்.

தாமதம் என்று பேச ஆரம்பித்தால் மற்றவர்களின் தாமதத்தையும் பேசுவோமே. 2022-இல் வந்த விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள், உங்களுக்கு என்னென்ன உரிமை என்று விளக்கும் இரண்டாம் எண் படிவத்தை அடிபட்டவர் கையில் கொடுக்க வேண்டும். 90 நாளில் விரிவான அறிக்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த அறிக்கை கிடைத்த 30 நாளில் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். போலீஸ் அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யச் சொல்லி உத்தரவும் போட்டது. இது உருப்படியாக நடந்தால் ஆறு மாதக் கெடு யாரையும் கடிக்காது. என் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த இரண்டாம் எண் படிவம் இருக்கிறதா என்று கேட்பேன். திருதிருவென்று விழிப்பார்கள். போலீஸ் கெடு தாண்டினால் யாருடைய உரிமையும் போவதில்லை பாருங்கள்.

அரசுப் பேருந்துக் கதை தனி. போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் தனி நிதி வைத்துச் சமாளிக்கச் சட்டம் விலக்குத் தருகிறது. தீர்ப்பாகி வருடக்கணக்கில் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுகிற போட்டோவை எல்லா மாவட்டப் பதிப்பிலும் பார்த்திருப்பீர்கள். பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டி வருவார்கள். அதன் பிறகுதான் செக் வரும், சில சமயம் பாதித் தொகைக்கு. அவர்கள் பணம் கட்டத் தவறினால் பஸ்தான் நிற்கும், கணக்கு அழியாது. மனுதாரர் கெடுவைத் தவறவிட்டால் கணக்கே அழிந்துவிடும்.

இந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது: கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் தீர்ப்பாயங்களும் ஹைகோர்ட்டுகளும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது. நல்ல செய்தி. ஆனாலும் இது கோர்ட் தலையில் கட்ட வேண்டிய வேலை இல்லை. 1994-இல் செய்த மாதிரி நாடாளுமன்றமே அந்த உட்பிரிவை எடுத்துவிடலாம். அதற்கு மனசில்லையென்றால், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று ஒரு வரியாவது சேர்க்கலாம். 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். நம் மக்களவை எம்.பி.க்கள் 39 பேரில் யாராவது ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தால்கூட அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் கை தட்டுவேன்.

அதுவரை, உங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டால்: ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். காப்பி இரண்டையும் கையோடு வாங்குங்கள். இரண்டாம் எண் படிவத்தைக் கேளுங்கள். ஓனர் பேசி முடிக்கலாம் என்றால் பேசுங்கள், மனுவையும் போட்டுவிட்டுப் பேசுங்கள். ஊனச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். கெடு தாண்டிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், அந்த நவம்பர் உத்தரவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். மனுவை நீங்கள் குடியிருக்கிற ஊர் தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து ஓசூரில் நடந்திருந்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.