ஆற்றிலும் அமைதியில்லை

கடல்மட்டத்திற்கும் தாழ்வாகக் கிடக்கும் கேரளத்துக் குட்டநாட்டு வயல்களைப் பார்த்தபடி பம்பையாற்றில் நிம்மதியாகப் போகலாம் என்றுதான் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து படகுவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஆனால், ஏறியதிலிருந்து ஒலிபெருக்கி ஓயவேயில்லை. மீனவர்கள் வலை விரிக்க வழிவிட்டு, படகோட்டிகள் மாலை ஐந்தரை மணிவாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுகிறார்கள். எஞ்சின் அடங்கிய அந்த நேரத்தில்தான் தவளைச் சத்தமும் தூரத்துத் துடுப்போசையும் காதில் விழும். அப்போதும் குத்துப்பாட்டை உச்சத்தில் அலறவிட்டால் எப்படி? ஆற்றங்கரைதான் அங்குள்ளவர்களுக்கு வீட்டு வாசல். படித்துறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்மணி, சாம்பல் படிந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கூசிப்போயிற்று. சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு, “காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்” என்று நண்பர் ஒருவர் சொன்னது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.