பதினோரு பாடல்கள்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் அறையில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. என்ன பாடலென்றும் தெரியாது. நான் போட்ட பிளேலிஸ்ட் பதினோரு மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் கடைசிப் பாடலைக் கேட்ட நினைவே இல்லை. போனை எடுத்துப் பார்த்தால், என் பட்டியல் முடிந்த இடத்திலிருந்து செயலி தன் விருப்பத்துக்கு ஒன்பது பாடல்களை ஓட்டி முடித்துவிட்டுப் பத்தாவதில் நின்றுகொண்டிருந்தது.

அத்தனையும் என் ரசனைக்குப் பொருந்திய பாடல்கள்தான். எரிச்சலே அதில்தான். நடுவில் மோசமான பாட்டு ஒன்று வந்திருந்தாலாவது காது விழித்திருக்கும். உறுத்தாமல், நெருடாமல், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக, முப்பத்தைந்து நிமிடங்கள் என் காது வழியாக யாரோ நடந்து போயிருக்கிறார்கள். நான் வாசலில்கூட இல்லை.

போன வாரம் போன் மாற்றினேன். பழையதில் அணைத்து வைத்திருந்த ஆட்டோபிளே புதியதில் தானாக உயிர்பெற்றுவிட்டது. விஷயம் அவ்வளவுதான், ஒரு பொத்தானில் முடிந்துபோகும். ஆனால் நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு வழக்கை இந்தச் சாக்கில் இங்கே வாதாடிவிடுகிறேன். பாடல் பட்டியல் என்றால் அதற்கு முடிவு வேண்டும். கடைசிப் பாடல் ஓய்ந்ததும் சத்தம் நிற்க வேண்டும்.

இசையைப் பதிவு செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அது எங்காவது முடிந்துகொண்டுதான் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். 1982இல் கடைக்கு வந்த குறுந்தகட்டில் 74 நிமிடம். 2001 அக்டோபரில் ஐபாட் அறிமுகமானபோது 5 ஜிபி, ஆயிரம் பாடல்கள் என்றார்கள். ஆயிரம் என்பதும் ஓர் எண்தான், அதற்கும் எல்லை உண்டு. 2022இல் ஆப்பிள் மியூசிக் தன்னிடம் பத்துக் கோடிப் பாடல்கள் இருப்பதாக அறிவித்தது. பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்து, தூங்காமல் கேட்டாலும் 570 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு மலைப்பு வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

இந்த வரிசையில் கேசட்டை வேண்டுமென்றேதான் விட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும்.

1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டியில் 90 நிமிட ரகம் வாங்கினால் பக்கத்துக்கு 45 நிமிடம். பாடல் பதிவு செய்ய உட்காரும்போது முதலில் கையில் எடுப்பது காகிதமும் பேனாவும்தான். 4:20, 5:05, 3:50 என்று எழுதிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 45ஐத் தாண்டினால் ஒரு பாட்டைத் தள்ள வேண்டும். எதைத் தள்ளுவது? அந்தக் கேள்வியில்தான் என் ரசனை உருவானது என்று இன்றைக்கும் நம்புகிறேன். பிடித்த பாடல்களைச் சேர்க்க யாருக்கும் தெரியும். இரண்டு பிடித்த பாடல்களில் ஒன்றைக் கழற்றிவிட வேண்டி வரும்போதுதான் எது எவ்வளவு பிடிக்கும் என்பது நமக்கே விளங்குகிறது. சில நாள் கணக்குத் தப்பிவிடும். கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நாடா தீர்ந்துபோகும். அந்தப் பாட்டு எனக்கு இன்றுவரை இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரியில்தான் முடிகிறது. முழுப்பாட்டைக் கேட்டால் மிச்ச வரிகள் யாரோ பிற்பாடு ஒட்டவைத்தவை போலிருக்கின்றன.

கணக்கு சரியாக இருந்தால் பாட்டு முடிந்து, ஐம்பது நொடி வெறும் இரைச்சல் ஓடி, பிறகு பொத்தான் ‘டக்’ என்று மேலே எழும். அந்த ‘டக்’குக்குப் பின் அறை வேறு மாதிரி இருக்கும். மின்விசிறிச் சத்தம் திரும்பி வரும். கேட்ட பாடல்களில் ஏதோ ஒன்று தலைக்குள் மறுபடி தொடங்கும். கேட்பதில் பாதி, கேட்டு முடித்த பிறகு நடப்பதுதான். ஆட்டோபிளே என்னிடமிருந்து பறித்தது அந்தப் பாதியை.

வரிசையும் அப்படித்தான் மண்டைக்குள் ஊறியது. ஒரு பாட்டு எங்கே காதில் விழுந்தாலும், அது முடியும்போது என் பழைய கேசட்டின் அடுத்த பாட்டு அதே சுருதியில் உள்ளே எழும்பும். வெளியே வேறு பாட்டு தொடங்கினால் படியில் கால் தவறியது போலிருக்கும். இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு இந்த நோய் இல்லை. போன ஆண்டு நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அவளுக்கென்று ஒரு பட்டியல் செய்து அனுப்பினேன். பதினோரு பாடல்கள். மெதுவாகத் தொடங்கி, நான்காவதில் வேகம் பிடித்து, ஏழாவதில் திடீரென்று ஒற்றைக் குரல் மட்டும், அங்கிருந்து இறங்குமுகம். இரண்டு நாள் கழித்துப் பேசினாள்.

“எல்லாமே நன்றாக இருந்தது. அந்த வேகமான பாட்டில் தொடங்கினாயே, அது பிரமாதம்.”

“அது நான்காவது பாட்டு அக்கா.”

“எனக்கு முதலில்தான் வந்தது. ஷஃபிளில் போட்டேன்.”

“வரிசைக்காகவே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.”

“பாட்டுக்கு ஏதடா வரிசை? இதென்ன பந்தியா?”

கோபத்தில் அன்று மேலே பேசவில்லை. உலகப் புகழ்பெற்ற பாடகிக்கே இந்த மனக்குறை இருந்திருக்கிறது என்பது மட்டும் ஆறுதல். 2021 நவம்பரில் அடெல் தன் புதிய ஆல்பம் வெளிவந்த சமயத்தில், ஆல்பங்களைத் திறந்தாலே ஷஃபிள் பொத்தான் முன்னால் வந்து நிற்கக் கூடாது, பாடல்கள் கலைஞர் அடுக்கிய வரிசையில் ஓட வேண்டும் என்று கேட்டார். இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை இசைந்து மாற்றியது. எனக்கு அடெலின் செல்வாக்கு கிடையாது. அக்கா ஷஃபிளிலேயே கேட்கிறாள்.

ஷஃபிளைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. உண்மையான குலுக்கலில் ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து மூன்று முறை விழலாம். குருட்டாம்போக்கு என்றால் அதுதான். மக்களோ, இதில் ஏதோ சதி இருக்கிறது, ஒழுங்காகக் கலைக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். ஐபாட் காலத்திலேயே ஆப்பிளும், 2014இல் ஸ்பாட்டிஃபையும் ஷஃபிளின் தற்செயல்தன்மையைக் குறைத்தன. ஒரே கலைஞரின் பாடல்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித் தள்ளி வைத்தன. அப்போதுதான் மக்களுக்கு அது நிஜமான குலுக்கலாகத் தெரிந்தது. ஆக, ஷஃபிளிலும் ஒரு வரிசை இருக்கிறது. அதை யாரோ யோசித்துத்தான் அடுக்குகிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் உன்னைவிட அவர்கள் நன்றாக அடுக்குகிறார்கள்” என்றாள்.

இனி செயலி எனக்கு அனுப்பும் ஆண்டறிக்கை. டிசம்பர் நெருங்கினால் எல்லாருடைய முகநூல் சுவரிலும் அந்த வண்ண அட்டைகள் முளைக்கின்றன அல்லவா, நீங்கள் இத்தனை நிமிடம் கேட்டீர்கள், இதுதான் உங்கள் ஆண்டின் பாடல் என்று? போன முறை எனக்கு வந்த முதலிடப் பாட்டின் பெயரைப் பார்த்து விழித்தேன். கேள்விப்பட்டதே இல்லை. போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மெய்ப்புத் திருத்த உட்காரும்போது பின்னணியில் ஓடவிடும் ஒரு வாத்திய இசை. சொற்கள் இல்லாததால் திருத்தும் சொற்களோடு மோதாது என்பதற்காகத் திரும்பத் திரும்ப ஓடட்டும் என்று வைத்துவிடுவேன். 214 முறை ஓடியிருக்கிறது. இப்போது என்னை முனகச் சொன்னால் இரண்டு சுரம் வராது.

அதே ஆண்டில் என்னை ஒரு நாள் முழுக்க வேலை செய்யவிடாமல் அடித்த பாட்டு ஒன்று உண்டு. அதை நான்கு முறைதான் கேட்டேன். ஐந்தாவது முறை கேட்கப் பயம். தேய்ந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பாட்டு அறிக்கையில் எந்த மூலையிலும் இல்லை. எப்படி இருக்கும்? எண்ணத் தெரிந்த இயந்திரம், ஓடியதை எண்ணியிருக்கிறது. நான் ஒரு பாட்டை எடுக்கப்போய்க் கையை இழுத்துக்கொண்ட தருணங்கள் அதன் பேரேட்டில் ஏறுவதில்லை.

இதில் எனக்குக் குற்றவுணர்வும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது நொடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்ட பாடலுக்குத்தான் உரிமைத்தொகையில் பங்கு. நான் பயந்து பயந்து கேட்ட அந்தப் பாட்டின் ஆயிரத்தில் என் பங்கு வெறும் நான்கு. ரசனை என்ற பெயரில் கருமித்தனம் செய்கிறேனோ என்று தோன்றியது. அந்த வாத்திய இசைக்காரர்களுக்கு 214 போயிருக்கிறது. இருக்கட்டும், என் திருத்தல் வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

முப்பது நொடிக் கணக்கு பாட்டின் உடம்பையே மாற்றுகிறதோ என்றும் சந்தேகம். அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை முதல் பத்து இடங்களுக்கு வந்த பாடல்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்கத்தில் இருபது நொடிக்கு மேல் நீண்டிருந்த முன்னிசை, காலப்போக்கில் ஐந்து நொடி அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். ஸ்ட்ரீமிங் வருவதற்கு முன்பே தொடங்கிய சுருக்கம் இது, பழியை முழுவதும் அதன் மேல் போட முடியாது. என் கட்டைவிரலைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும். முன்னிசை எட்டு நொடியைத் தாண்டினால் அது தானாக ‘அடுத்தது’ பொத்தானுக்குப் போகிறது. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்டி என்று பெரும்பாடு. அந்தச் சோம்பலுக்கு இரண்டு கும்பிடு. முதலில் பிடிக்காமல், தாண்ட முடியாததால் பதினைந்தாவது தடவை கேட்டு, பிறகு உயிராகிப்போன பாடல்கள் என்னிடம் ஒரு டஜனாவது தேறும். இந்தப் பத்து ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

பரிந்துரைகளை நான் வெறுக்கிறேன் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2015 முதல் திங்கள்தோறும் ஸ்பாட்டிஃபை முப்பது பாடல் தரும் அந்த வாராந்தரப் பட்டியல் வழியாக நான் தானாக ஒருபோதும் போயிருக்காத மொழிகளின் பாடகர்களிடம் போயிருக்கிறேன். அதன் சூட்சுமமும் எனக்குப் பிடித்தது. மனிதர்கள் செய்து வைத்த கோடிக்கணக்கான பட்டியல்களில் எந்தப் பாட்டு எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் அடிக்கடி உட்கார்ந்திருக்கிறது என்பதும் அந்தப் பரிந்துரைக்கு ஓர் ஆதாரம். எங்கோ முகம் தெரியாத ஒருவர் இரவில் உட்கார்ந்து இதற்குப் பக்கத்தில் இதை வைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்ததன் எச்சம்தான் எனக்கு வந்து சேர்கிறது. முப்பதோடு நிற்கிறது என்பதாலும் அந்தப் பட்டியல் மேல் எனக்கு மரியாதை.

என் முறை இப்போது இதுதான். மாதத்துக்கு ஒரு பட்டியல், அதில் பதினோரு பாடல்கள். பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் கேசட்டின் ஒரு பக்கம். சோகம், மழை, பயணம் என்றெல்லாம் தலைப்பிடுவதில்லை, மாதமும் ஆண்டும் மட்டும். பன்னிரண்டாவது வர வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும். மாதம் முடிந்தால் பூட்டு. பிறகு சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை, வெட்கப்படும்படியான பாட்டு இருந்தாலும். அப்படிச் சில உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். ஆறு ஆண்டுகளாக இப்படி எழுபத்திரண்டு பட்டியல்கள் சேர்ந்திருக்கின்றன. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. இவற்றைத் திறந்தால் அந்தந்த மாதத்தில் எவ்வளவு தூங்கினேன் என்பதுகூட ஞாபகம் வருகிறது.

பூட்டு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். சாவி என்னிடம் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் பட்டியலைப் போன மாதம் திறந்தபோது ஏழாவது பாட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. உரிம ஒப்பந்தம் தீர்ந்ததோ என்னவோ, பாட்டு போய்விட்டது, பெயர் மட்டும் மங்கலாக நிற்கிறது. தேடிப் பார்த்தேன், வேறு எந்தப் பதிப்பும் அகப்படவில்லை. ஆறாவது முடிந்ததும் செயலி சத்தமில்லாமல் எட்டாவதுக்குத் தாவுகிறது. அந்த இரண்டுக்கும் ஒட்டவே ஒட்டாது. நடுவில் அந்தப் பாட்டு இருந்ததால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

வேறு பாட்டைப் போட்டு அந்த இடத்தை நிரப்பலாம். செய்யவில்லை. அந்த ஆகஸ்ட் பட்டியலைக் கேட்கும்போது ஆறாவது முடிகிற நேரம் பார்த்துக் கையால் நிறுத்துகிறேன். ஏழாவதின் பல்லவியை நானே முணுமுணுக்கிறேன். சரணத்தில் ஒரு வரி மறந்துபோய்விட்டது, அங்கே வெறும் மெட்டு. முடித்துவிட்டு எட்டாவதை அழுத்துகிறேன்.