படம் முடிந்த பிறகுதான் வேலையே

குடி, மனநலம் பற்றி ஊர்க்கூடத்தில் படம் போட்டு மக்களைப் பேச வைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல யோசனைதான். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு ‘ஃப்ரேம் ஆஃப் மைண்ட்’ என்று மனநலத்துக்காகவே திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. ஆனால் எந்தப் படம் என்பதைவிட, அதற்கப்புறம் என்ன என்பதுதான் பெரும்பாடு. எங்கள் தெருவில் ஒருமுறை இரண்டரை மணி நேரப் படம் போட்டார்கள். விளக்கைப் போட்டு மைக்கில் “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றபோது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்னே? மாமனார் பக்கத்தில் இருக்க, வீட்டுக்காரர் குடிப்பதை எந்த மருமகள் மைக்கில் சொல்வாள்?

20 நிமிடக் குறும்படமே தாராளம். பிறகு பெண்களைத் தனியே உட்கார வைத்து, படத்தில் அந்த மனைவி ஏன் பணத்தை ஒளித்து வைத்தாள் என்று கேளுங்கள். அவள் பேரில் தங்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவில் சேர்ந்து குடியை விட்ட ஒருவர் பேசினால் டாக்டர் உரையைவிட எடுபடும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற ஆதரவுக் கூட்டங்கள் இருப்பதையும் சொல்லலாம். அப்புறம், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐத் திரையில் காட்டிவிட்டுப் போகாமல் சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.