நடுவில் நிற்க ஆள் வேண்டாமா?

2025 டிராஃப்ட்டின் முதல் நாளான வியாழக்கிழமை இரவு, எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான டெட்ராய்ட் லயன்ஸ் 28-ஆவது தேர்வாக டிஃபென்சிவ் டேக்கிள் டைலீக் வில்லியம்ஸ் பெயரை அறிவித்ததுமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, எட்ஜ் ஆள் எடுங்கன்னு ஒரு வருஷமா எல்லாரும் கத்துறோம். இவங்க திரும்பவும் நடுவுல நிக்கிற ஆளையே எடுத்திருக்காங்க. ஹட்சின்சன் ஒருத்தரே எத்தனை நாள் மாரடிப்பாரு?" என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தத் தேர்வு சரியானது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளாகத் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஏப்ரலிலும் என்எஃப்எல்லின் 32 அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்து ஏழு சுற்றுகளில் எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். முந்தைய பருவத்தில் கடைசியில் கிடந்த அணிக்கு முதல் வாய்ப்பு. லயன்ஸ் 15 வெற்றி, 2 தோல்வி என்று முடித்த அணி. அதனால் வரிசையின் வால் பக்கம் 28-ஆவது இடம்தான் கிடைத்தது. அந்த இடத்தில் தங்கம் கிடைக்காது. நல்ல இரும்பு கிடைத்தால் அதை விடக் கூடாது.

டிஃபென்ஸில், அதாவது தடுப்பு ஆட்டத்தில், எட்ஜ் என்பவர் முன்வரிசையான லைனின் ஓரத்திலிருந்து வளைந்து பாய்ந்து, எதிரணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பவர்; நமக்கு அது ஹட்சின்சன். டிவியில் அவர்தான் தெரிவார். சாக் (பந்தை வீசும் முன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) கணக்கு, கொண்டாட்டம், ஜெர்சி விற்பனை எல்லாம் அவருக்குத்தான். டிஃபென்சிவ் டேக்கிள் நடுவில் நிற்பவர். முன்னூறு பவுண்டு ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ளுவார்கள். அவர் நகராமல் நின்றால் அதுவே வெற்றி. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆனால் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எட்ஜ் ஆள் ஓரத்திலிருந்து வரும்போது குவார்ட்டர்பேக் என்ன செய்கிறார்? இரண்டடி முன்னால் வருகிறார், அவ்வளவுதான். பாய்ந்தவர் பின்னால் போய்விடுகிறார், பந்து பறந்துவிடுகிறது. அந்த இரண்டடியை அடைக்க வேண்டியவர் நடுவில் நிற்பவர். அவரைக் காக்கும் நடுச்சுவர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தால் குவார்ட்டர்பேக்குக்குப் போக்கிடம் கிடையாது, தானாகவே ஓரத்து ஆளின் கையில் போய் விழுவார். இன்னொன்று: எதிரணி லைனில் இருப்பது ஐந்து பேர். அதில் இரண்டு பேரை நடுவில் ஒருவர் கட்டிப்போட்டால், ஓரத்தில் நிற்பவருக்கு ஒற்றைக்கு ஒற்றை மோதல் கிடைக்கும். ஹட்சின்சனுக்கு உதவி வேண்டும் என்று கேட்கிறவர்கள், அந்த உதவி எதிர் ஓரத்திலிருந்துதான் வர வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்கள்?

போன 2024 பருவத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அக்டோபர் 13 அன்று ஆர்லிங்டனில் டல்லாஸை 47-9 என்று துவைத்துக் காயப்போட்ட நாள். அந்த ஆட்டத்தில்தான் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. ஐந்தே ஆட்டங்களில் 7.5 சாக் எடுத்திருந்தார். வெற்றியைக் கொண்டாட ஒருவருக்கும் வாய் வரவில்லை. எட்ஜ் வேண்டும் என்ற கூக்குரல் அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இன்னும் ஓயவில்லை.

டிசம்பரில் பஃபலோவுடன் 48-42 என்று தோற்ற ஆட்டத்தை மட்டும் பலர் மறந்துவிட்டார்கள். அலிம் மெக்நீலின் முழங்கால் தசைநார் கிழிந்தது அன்றுதான். அக்டோபரில்தான் 97 மில்லியன் டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், நடுவில் நமக்கு இருந்த ஆகச் சிறந்த ஆள். டிசம்பரில் கிழிந்த தசைநார் செப்டம்பருக்குள் ஆடத் தயாராகிவிடாது. பக்கத்தில் நிற்கும் டிஜே ரீடர் முப்பதைத் தொட்டவர், ஒப்பந்தமும் 2025 பருவத்தோடு முடிவதாக இருந்தது. ஜனவரியில் வாஷிங்டன் நம் வீட்டு மைதானத்துக்கே வந்து 45 புள்ளி குவித்துவிட்டுப் போனதே, அன்று நம் டிஃபென்ஸில் முழுதாக நின்றவர்கள் எத்தனை பேர்? ஓரத்தில் மட்டும்தான் ஓட்டை என்று யார் சொன்னது?

எனக்கு இந்த விஷயத்தில் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. 2014 டிராஃப்ட். லயன்ஸுக்குப் பத்தாவது தேர்வு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரோன் டோனல்ட் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். கடைசி வருடக் கல்லூரி ஆட்டத்தில் அவுட்லேண்ட், லொம்பார்டி, பெட்னாரிக், நகர்ஸ்கி என்று டிஃபென்ஸ் ஆளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய விருதுகளை எல்லாம் வாரிக்கொண்டவர். 6 அடி 1 அங்குலம், 285 பவுண்டு. டிஃபென்சிவ் டேக்கிளுக்கு இது சின்ன உடம்பு என்றார்கள். நாம் எரிக் ஈப்ரன் என்ற டைட் எண்டை, தாக்குதல் பக்கத்து ஆளை, எடுத்தோம். மூன்று இடம் தள்ளி, பதின்மூன்றாவதாக ராம்ஸ் டோனல்டை எடுத்தது. 2017, 2018, 2020 என்று மூன்று முறை அந்த ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். 2022 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில் சின்சினாட்டியின் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றி ஆட்டத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். அன்று ராம்ஸின் குவார்ட்டர்பேக் யார்? பன்னிரண்டு பருவம் டெட்ராய்ட்டுக்காக அடி வாங்கிய நம் மேத்யூ ஸ்டாஃபர்ட். அந்த இரவு மகிழ்ச்சியா துக்கமா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

டோனல்டை எடுத்த நாளில் ராம்ஸின் கல்லூரித் தேடல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் பிராட் ஹோம்ஸ். இன்று நம் பொது மேலாளர் அவரே. நடுவில் நிற்கும் ஒருவர் ஓர் அணியை எப்படி மாற்றுவார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். வில்லியம்ஸ் இன்னொரு டோனல்ட் என்று நான் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு வார்ப்பு. ஆனால் நடுவுக்கு முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிப்பதை வீண் என்று நினைக்காத ஒருவர் மேலாளராக இருப்பது எனக்கு நிம்மதி.

அடுத்து கார்னர்பேக் பக்கம் வருகிறேன்; பந்தைப் பிடிக்க ஓடுபவரைப் பின்வரிசையில் விடாமல் மறிப்பவர் அவர். குழுவில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். 2020-இல் மூன்றாவது தேர்வாக ஜெஃப் ஒகூடாவை எடுத்தோம். 1997-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு உயரத்தில் எந்தக் கார்னர்பேக்கும் போனதில்லை. மறு வருடம் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. 2023-இல் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அட்லாண்டாவிடம் கொடுத்தார்கள். காயத்துக்கு அந்தப் பையன் பொறுப்பில்லை, அவரைத் திட்டியவர்களோடு நான் அன்றும் சேரவில்லை. என் வருத்தம் வேறு. முன்வரிசை குவார்ட்டர்பேக்குக்கு நாலைந்து நொடி கொடுத்துக்கொண்டே இருந்தால், எந்தக் கார்னர்பேக்காலும் அவ்வளவு நேரம் ஒருவர் பின்னால் ஓட முடியாது. கூரை போட்டோம், சுவர் இல்லை.

டென்வரின் பேட்ரிக் சர்டெய்னை நீட்டுவார்கள். ஒத்துக்கொள்கிறேன், 2024-இன் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது ஒரு கார்னர்பேக்குக்குத்தான் போனது. ஆனால் அவர் ஒன்பதாவது தேர்வு. 28-இல் அப்படிப்பட்டவர் நிற்க மாட்டார். நம் பின்வரிசையின் தூண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். கெர்பி ஜோசஃப் மூன்றாம் சுற்று, 97-ஆவது ஆள். 2024-இல் எதிரணி வீசிய பந்தைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் ஒன்பது எடுத்து லீக்கிலேயே முதலிடம். பிரையன் பிராஞ்ச் இரண்டாம் சுற்று, 45. தேடுகிற கண் இருந்தால் பின்வரிசைக்கு ஆள் கிடைக்கிறார்கள். 330 பவுண்டுக்கு மேல் எடையோடு கால் நகர்த்தத் தெரிந்த ஆள் அத்தனை எளிதில் கிடைப்பதில்லை, உலகத்திலேயே அப்படி உடம்பு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2025 பிப்ரவரி 9-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுலில் நடந்ததை எல்லோரும்தானே பார்த்தோம்? ஃபிலடெல்ஃபியா 40, கான்சஸ் சிட்டி 22. கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். ஒரு முறைகூட பிளிட்ஸ், அதாவது பின்னாலிருந்து கூடுதல் ஆள், அனுப்பவில்லை; முன்னால் நின்ற நான்கு பேர் மட்டும் போதுமாக இருந்தது. ஜோஷ் ஸ்வெட் ஓரத்திலிருந்து 2.5 சாக் எடுத்தார் என்பது உண்மை. நடுவில் யார் என்று பாருங்கள்: 2022-இன் 13-ஆவது தேர்வு ஜோர்டன் டேவிஸ், 2023-இன் 9-ஆவது தேர்வு ஜேலன் கார்ட்டர், 2021-இன் மூன்றாம் சுற்று மில்டன் வில்லியம்ஸ். கார்ட்டரை இரண்டிரண்டு பேராக மறித்துக்கொண்டிருந்தபோது மில்டன் வில்லியம்ஸ் இரண்டு சாக் எடுத்துவிட்டார். மூன்று வருடம் தொடர்ந்து நடுவுக்கு ஆள் சேர்த்த அணி அது. அதன் பலன் ஒரே இரவில் தெரிந்தது.

டைலீக் வில்லியம்ஸின் சாக் கணக்கு குறைவு என்று படம் போட்டு அனுப்புகிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் போன பருவத்தில் கல்லூரி அணிகளிலேயே மிகக் குறைவான புள்ளிகள் விட்டுக்கொடுத்து சாம்பியன் ஆனது. அந்த முன்வரிசை நான்கு பேருமே இந்த டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டார்கள். ஓரத்தில் நின்ற டுயிமொலோவாவ் சாக்குகளைக் குவித்தார், இண்டியானாபோலிஸ் 45-ஆவதாக எடுத்தது. ஆனால் அந்த நால்வரில் முதலில் எடுக்கப்பட்டவர், நடுவில் நின்று அவருக்கு வழி திறந்துவிட்ட வில்லியம்ஸ். அணிகளின் கண்ணுக்கு எது தெரிந்தது என்று யோசியுங்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. பாஸ்டன் காலேஜின் டோனவன் எசெய்ருவாக்கு, ஒரே பருவத்தில் 16.5 சாக் எடுத்தவர், 44 வரை நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் டல்லாஸுக்கு வாசிக்கப்பட்டபோது மனசு அடித்துக்கொண்டது. இரண்டாம் சுற்றில் மேலே ஏறி அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதற்குப் பதிலாக 57-இல் டேட் ராட்லெட்ஜ் என்ற கார்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் ஆள், வந்தார். கடைசியில் ஆறாம் சுற்றில் அகமது ஹசனைன் என்ற பாய்ஸி ஸ்டேட் பையனை ஓரத்துக்கு எடுத்திருக்கிறார்கள். எகிப்தில் வளர்ந்து, அமெரிக்கா திரும்பிய பிறகுதான் இந்த ஆட்டத்தையே பழகியவர். அவர் முன்னேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், ஆனால் ஆறாம் சுற்று ஆளை நம்பிப் பருவத்தைத் திட்டமிட முடியாது. இந்த இடத்தில் தம்பியோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஆக, குறை சொல்ல வேண்டுமானால் இரண்டாம் சுற்றைச் சொல்லுங்கள், சேர்ந்து நானும் சொல்கிறேன். 28-ஐ மாற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் கீழே இரண்டு பெயர் எழுதுங்கள். வில்லியம்ஸுக்குப் பதில் யாரை எடுத்திருப்பீர்கள்? மெக்நீல் திரும்பி வரும் வரைக்கும் ரீடருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தியிருப்பீர்கள்?