இது நிஜமாகவே கம்பி கட்டுகிற கதை

நேற்று ராத்திரி ஒரு பையன் போன் செய்தான். எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம், எங்கள் தெருப் பையன். "சார், பிராஜெக்ட்டுக்கு டிடெக்டர் பக்கம் போகலாம்னு இருக்கேன். சீனியர்ஸ் எல்லாம் வேணாங்கறாங்க. ஹார்டுவேர்ல போனா பேப்பர் வராது, டேட்டா அனாலிசிஸ் எடு, லேப்டாப் இருந்தாப் போதும்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே பேசியிருந்தால் கோபமாக வந்திருக்கும். அந்தக் கோபத்தைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் ஒரு கம்பிச் சேம்பர் கட்டினேன். முழுப்பெயர் மல்ட்டிவயர் ப்ரொபோர்ஷனல் சேம்பர். அணுவைவிடச் சிறிய துகள் எந்த இடத்தைக் கடந்து போனது என்று காட்டும் பெட்டி, டிடெக்டரில் ஒரு வகை. ஒரு சட்டத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டும். டங்ஸ்டன் கம்பி, மேலே தங்க முலாம், தடிமன் 20 மைக்ரான். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் அங்கே கம்பி இருப்பதே தெரியும். ஒரு முனையைப் பற்றவைத்துவிட்டு, மறுமுனையில் 50 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது ஆடி நின்றபிறகு அந்தப் பக்கத்தையும் பற்றவைக்க வேண்டும். இழுவை குறைந்தால் மின்னழுத்தம் கொடுத்ததும் கம்பிகள் ஒன்றையொன்று தள்ளி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று வளைந்துவிடும். கூடினால் அறுந்துவிடும்.

எங்கள் அப்பா தறிக்காரர். பாவில் ஓர் இழை அறுந்தால் எச்சில் தொட்டுப் பிணைத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே தறியை ஓட்டுவார். விடுமுறைக்குப் போனபோது என் வேலையை அவரிடம் விவரித்தேன். "பாவு ஓட்டத்தானே இவ்வளவு படிச்சே?" என்று சிரித்தார். சரிதான். ஆனால் என் பாவில் பிணைக்க முடியாது. சேம்பரை மூடி வாயு நிரப்பி இரண்டாயிரம் வோல்ட்டைத் தாண்டும்போது ஒரு கம்பி அறுந்தால், சுருண்டு பக்கத்துக் கம்பியிலும் எதிர்த்தகட்டிலும் போய் விழும். மொத்தத் தளமும் ஷார்ட். எனக்கு அது நடந்தது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. காரணம் என் விரல் ரேகை. சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு வழியாக மின்சாரம் கசிந்து, பொறி பறந்து, ஐந்து வாரப் பாடு போயிற்று. அதற்குப்பிறகு இரண்டு வருஷம் நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம்.

பதினான்கு மாதத்தில் சேம்பர் வேலை செய்தது. விண்வெளிக் காஸ்மிக் கதிரிலிருந்து வரும் மியுவான் என்ற துகள்கள் ஒவ்வொன்றாக விழுந்து, மின்துடிப்பைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் துடிப்பு எழும்பியபோது பக்கத்து லேபில் இருந்தவர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினேன். பிற்பாடு ஒரு வேலைக்கு நேர்காணல் போனேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். குழுவில் ஒருவர் என் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "சொந்தமா ஆராய்ச்சி ஏதும் பண்ணியிருக்கீங்களா, இல்ல கருவிதான் செஞ்சீங்களா?"

இருபது வருஷம் ஆகிறது. பல்லில் சிக்கிய கரும்பு நார் மாதிரி அந்தக் கேள்வி இன்னும் கிடக்கிறது.

அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் ஜார்ஜ் ஷார்பாக் பெயரைச் சொல்லியிருப்பேன். நான் கட்டிய பெட்டியை முதலில் கட்டியவர். 1924இல் அன்றைய போலந்தின் கிழக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. ஏழு வயதில் பாரிஸ் வந்தார். நாஜி எதிர்ப்புப் போராட்டத்தில் சேர்ந்து 1943இல் சிறை, 1944இல் தாஹவ் வதைமுகாம். உயிரோடு வெளியே வந்து, சுரங்கப் பொறியியல் படித்து, அப்புறம் ஃப்ரெடரிக் ஜோலியோ-க்யூரியின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம். 1959இல் ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம். ஓய்வு பெறும்வரை அங்கேதான். துகள் எதையும் 'கண்டுபிடித்தவர்' என்று பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வராது. அவர் செய்தது மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்கான கண்.

அந்தக் காலத்தில் பபிள் சேம்பர்தான் ராஜா. கொதிநிலையை ஒட்டி வைத்த திரவ ஹைட்ரஜனில் துகள் போன வழியெல்லாம் குமிழி கட்டும், அதைப் படம் பிடிப்பார்கள். படம் அவ்வளவு அழகு. ஆனால் நொடிக்கு ஒன்றிரண்டு படத்துக்கு மேல் எடுக்க முடியாது. எடுத்த லட்சக்கணக்கான படங்களையும் மேசைமேல் பெரிதாக்கி, தடத்தை ஒவ்வொன்றாக மனிதர்கள்தான் அளந்தார்கள். அளந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையின் தலையிலும் இருக்காது, அது இன்னொரு பதிவுக்கான வயிற்றெரிச்சல். கோடியில் ஒரு தடவை நடக்கிற சங்கதியைத் தேட வேண்டுமென்றால் இந்த வேகம் எந்த மூலைக்கு?

மின்சாரத்தால் நேரடியாகப் படிக்கக்கூடிய கருவி, கதிர்வீச்சை எண்ணும் கருவி செய்த கைகர் காலத்திலிருந்தே உண்டு. குழாய்க்கு நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் வாயு. துகள் நுழைந்தால் துடிப்பு வரும், ஆனால் குழாயின் எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாது. அப்படியானால் குழாய்ச் சுவர்களை எடுத்துவிட்டு, ஒரே பெட்டிக்குள் நூறு கம்பியை வரிசையாகக் கட்டினால் என்ன? இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஏன் யாரும் கட்டவில்லை? கட்டினால் வேலை செய்யாது என்று நம்பினார்கள். கம்பிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் அவற்றுக்கு இடையே உள்ள கெப்பாசிடன்ஸ் (கம்பிகள் தொடாமலே துடிப்பு தாவ வழிவிடும் தன்மை) வழியாக ஒரு கம்பியின் துடிப்பு பக்கத்துக் கம்பிகளுக்கும் கசியும், நூறும் ஒரே நேரத்தில் கத்தும், எது உண்மை என்று எப்படிப் பிரிப்பது?

ஷார்பாக் இங்கேதான் உட்கார்ந்து யோசித்தார். துகள் போகிற வழியில் வாயுவிலிருந்து உதிர்த்துவிட்ட எலக்ட்ரான்கள், கம்பிக்கு மிக அருகில் மோதி மோதிப் பெருகும். பெருகிய எலக்ட்ரான்களைக் கம்பி உடனே விழுங்கிவிடும். மிஞ்சுவது நேர்மின் அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்த வாயு அணுக்கள், அவை கம்பியை விட்டு விலகி ஓடும். நாம் பார்க்கிற துடிப்பில் பெரும்பங்கு இந்த ஓட்டத்தால் வருவது, அது எதிர்க்குறித் துடிப்பு. அதே அயனி ஓட்டம் பக்கத்துக் கம்பிகளில் நேர்க்குறித் துடிப்பைத் தூண்டுகிறது. கசிந்து வரும் எதிர்க்குறியைவிட இது பெரியது. ஆகவே துகள் விழுந்த கம்பி எதிர்க்குறி காட்டும், அக்கம்பக்கத்தார் நேர்க்குறி காட்டுவார்கள். ஊரே பயந்த குழப்பம் இல்லவே இல்லை. இதற்கு வேண்டியதெல்லாம் நம் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வரும் மின்தூண்டல், கூடவே அதை நம்பிக் கட்டிப் பார்க்கிற துணிச்சல். 1968இல் உள்ளங்கை அகலத்துக்கு, பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒன்றைக் கட்டினார்கள். டிரான்சிஸ்டர் மலிவாகியிருந்ததால் கம்பிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கொடுக்க முடிந்தது. நொடிக்கு லட்சக்கணக்கான துகள்களை எண்ணுகிற கருவி, அதுவும் நேரே கம்ப்யூட்டருக்குப் போகும் மின்துடிப்பாக.

இது கைவேலையா, ஆராய்ச்சியா? என்னை நேர்காணல் செய்தவர் இப்போது இதைப் படிக்கிறார் என்றால், சார், பதில் சொல்லுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1968இல் இயற்பியல் நோபல் போனது லூயிஸ் ஆல்வாரெஸுக்கு, பபிள் சேம்பரை வளர்த்தெடுத்து அதில் செய்த வேலைக்காக. ராஜாவுக்கு மாலை விழுந்த வருஷமே வாரிசும் பிறந்துவிட்டது. ஆனாலும் ராஜா உடனே இறங்கவில்லை. செர்னின் 3.7 மீட்டர் அகல பபிள் சேம்பர் 1973இல்தான் ஓட ஆரம்பித்து 1984 வரை ஓடியது. ஒரு கருவி இன்னொன்றை விரட்டுவது சினிமாவில் வருகிற மாதிரி ஒரே நாளில் நடப்பதில்லை.

ஷார்பாக் அந்தக் கட்டுரையை எங்கே வெளியிட்டார் தெரியுமா? 'நியூக்ளியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் மெத்தட்ஸ்'. கருவிக்காரர்களின் ஜர்னல். இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு) பார்த்து மார்க் போடுகிற நம் குழுக்கள் ஏற இறங்கப் பார்க்கிற ஜர்னல். 1974இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங் குழு ஜே என்ற புதுத் துகளைப் பிடித்தபோது கையில் இருந்தது கம்பிச் சேம்பர். 1983இல் செர்னில் டபிள்யூ, இசட் துகள்களைக் காட்டிய யுஏ1 கருவியின் வயிற்றில் இருந்தது அதன் வாரிசான ட்ரிஃப்ட் சேம்பர். டிங்குக்கு 1976இல் நோபல், யுஏ1 குழுவின் தலைவர் கார்லோ ரூபியாவுக்கு 1984இல். கண்ணைச் செய்த ஷார்பாக்குக்கு 1992இல், ஓய்வு பெற்றதற்கு அடுத்த வருஷம், 68 வயதில். கண்டவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷம், கண் செய்தவருக்கு 24 வருஷம். முடிவில் கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்தான். அதற்குள் அவர் எக்ஸ்ரே பக்கம் போய்விட்டிருந்தார். குறைந்த கதிர்வீச்சில் முதுகெலும்பு வளைவைப் படமெடுக்கும் இயந்திரங்களுக்கு இந்த வகை டிடெக்டர்தான் அடிப்படை. அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வேண்டிய குழந்தைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

இதுவரை ஷார்பாக் புகழ் பாடினேன். இனி என் கட்சிக்கே கொஞ்சம் இடிக்கிற சங்கதி. 1992க்குப் பிறகு இன்றுவரை இயற்பியல் நோபலை யாரும் தனியாக வாங்கவில்லை. கடைசியாக முழுசாக வாங்கியவர் ஷார்பாக். ஆனால் 1968 கட்டுரையில் ஐந்து பெயர். இரண்டாவது பெயர் ரோஜே பூக்ளியே, டெக்னீஷியன். வருஷக்கணக்காக அந்தச் சேம்பர்களைக் கையால் கட்டியவர். டெக்னீஷியன் பெயரைக் கட்டுரையில் இரண்டாவதாகப் போட்டது ஷார்பாக்கின் பெரிய மனசு என்று சொல்ல மாட்டேன். அது நியாயம், அவ்வளவுதான். நம் ஊரில் எத்தனை கட்டுரையில் லேப் அண்ணன் பெயரைப் பார்த்திருக்கிறீர்கள்? என் சேம்பருக்குச் சட்டம் கடைந்து கொடுத்தவர் ஒர்க்ஷாப்பில் இருந்த ஒருவர். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி எழுதினேன். ஒரு வரி! கருவி செய்பவனை மதிக்கவில்லை என்று புலம்புகிற நானே செய்தது அது.

மதுரைப் பக்கம் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோ ஆய்வுக்காக அங்கே மினி-ஐகேல் என்று 85 டன்னில் ஒரு சின்ன மாதிரி டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகடுகளுக்கு நடுவே, வாயு நிரப்பிய கண்ணாடி டிடெக்டர்கள். தேனிப் பக்கம் பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் கட்டலாமா என்ற பஞ்சாயத்துக்கு நான் இப்போது வரவில்லை, கமென்ட்டில் அதை இழுக்க வேண்டாம். மலை வேண்டுமா வேண்டாமா என்று பேசியதில் கால்வாசிகூட, அந்தக் கண்ணாடியை ஒட்டி, வாயுக் கசிவு பார்த்து, எலக்ட்ரானிக்ஸ் கட்டிய பிள்ளைகளைப் பற்றி நாம் பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சீனியர்கள் சொல்வது பொய்யும் இல்லை. பேப்பர் தாமதமாகத்தான் வரும். அனாலிசிஸ் எடுத்தவன் இரண்டு கட்டுரை போட்டிருக்கும்போது நீ வாயுக் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடிக்கொண்டிருப்பாய். எண்ணிக்கையை வைத்து வேலை கொடுக்கிற குழு உன்னை ஓரமாக உட்கார வைக்கும். இதையெல்லாம் மறைத்து அவனை இழுத்துவிட எனக்கு மனசில்லை, காலையில் போனில் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், அந்த 20 மைக்ரான் கம்பி இன்னும் உங்ககிட்ட இருக்கா?" என்றான்.

இருக்கிறது. பீரோவில், அரைச் சுருள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நகத்தை வெட்டிக்கொண்டு வா, அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதே என்றேன்.