பிள்ளையின் முதல் முதலாளி யார் என்று விசாரித்தீர்களா?

ஏ.எல். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பல மாதங்கள் கிடக்கின்றன. அந்த நாட்களில் திருமலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான். "பெடியன் இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்டால், கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றால் தாய் சத்தமாகச் சொல்கிறார். கடையில் நிற்கிறான் என்றால் குரல் இறங்கிவிடுகிறது. "சும்மா வீட்டில நிக்காமல் ஒரு கடையில விட்டிருக்கிறம்." எந்தக் கடை, முதலாளி எப்படிப்பட்டவர், என்ன சம்பளம், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் அநேகமான வீடுகளில் பதில் இல்லை.

இதே தாய்தகப்பன்தான் இரசாயனவியலுக்கு எந்த ரியூசன் மாஸ்டர் நல்லவர் என்று ஊரெல்லாம் விசாரித்தவர்கள். முதலில் வேலை கொடுக்கிற ஆளும் பிள்ளைக்கு ஆசிரியர்தான் என்பது என் உறுதியான எண்ணம். மற்றவன் காசை எப்படித் தொடுவது, கோபத்தோடு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது, யாரும் பார்க்காத நேரத்தில் எப்படி நடப்பது என்பதையெல்லாம் பிள்ளை அவரைப் பார்த்துத்தான் பழகுகிறது. பதினெட்டு வயதில் பழகியது லேசில் போகாது.

நான் முதலில் வேலைக்குப் போனது ஒரு கொமியூனிகேஷனுக்கு. 2002, யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்த வருடம். இப்போதைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். அப்போது எல்லார் வீட்டிலும் போன் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு கதைக்க வேண்டுமென்றால் கொமியூனிகேஷனுக்கு வர வேண்டும். கண்ணாடி அடைத்த இரண்டு கூடுகள், மேசையில் நேரம் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, மூலையில் போட்டோக்கொப்பி மெஷின், சுவரோரம் ஒரு நீள வாங்கு. வெளிநாட்டுக்கு எடுத்தால் நிமிடக் கணக்கு. அங்கிருந்து வருகிற அழைப்புக்கு ஒரு சின்னக் கட்டணம். பின்னேரத்தில் வாங்கில் இடம் இருக்காது.

மூதூரிலிருந்து லாஞ்சில் வருவார்கள். கிண்ணியாவிலிருந்து 'பாதை' என்கிற மிதவைப் படகில் வருவார்கள். அங்கே பாலம் திறந்தது 2009இல்தான். மகள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். தாய் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இன்றைக்கு எடுப்பாள் என்று காத்திருப்பார். சில நாள் எடுப்பாள். சில நாள் கடைசி லாஞ்சுக்கு நேரமாகும்வரை எடுக்கமாட்டாள். அந்தத் தாய்க்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கச் சொல்லி முதலாளி லாச்சியில் இருந்து காசு எடுத்துத் தருவார். அதையும் செலவுக் கொப்பியில் எழுத வேண்டும்.

அந்த மனிதர் சில விஷயங்களில் கறார். கோல் கிடைத்தும் மற்றப் பக்கம் சத்தம் விளங்காமல் வெட்டுப்பட்டால் காசு எடுக்கக்கூடாது. பெட்டி ஒரு நிமிடம் என்று காட்டினாலும் எடுக்கக்கூடாது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக் களைத்துப்போய் வெளியே வந்து, லேஞ்சி முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினார். நான் முதலாளியைப் பார்த்தேன். "அவ கதைக்கவே இல்லையே பிள்ளை, திரும்ப எடுத்துக் குடு" என்றார். ரெலிகொம் பில் வரும்போது அந்த நிமிடங்களுக்கு அவர்தான் கட்ட வேண்டும். கட்டினார். கொடுக்காத சாமானுக்குக் காசு வாங்கக்கூடாது என்பதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, ஒருவர் தன் கையிலிருந்து நட்டப்பட்டு நடந்துகாட்டினார்.

அடுத்தது, கூட்டுக்குள் கேட்பது கடைவாசலைத் தாண்டக்கூடாது. லைன் சரியில்லாததால் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள். யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய கலியாணம் குழம்பியது, எந்த மருமகன் காசு அனுப்புவதில்லை என்று முழுத் திருமலையும் என் காதுக்குள் வந்தது. "இங்க கேட்டது உன்ர அம்மாவுக்கும் தெரியக்கூடாது" என்றார், சேர்ந்த முதல் நாளே. இன்றைக்கு ஒரு கந்தோரில் அடுத்தவருடைய விஷயத்தை எல்லாருக்கும் கேட்கும்படி கதைக்கிற அலுவலரைக் கண்டால் எனக்கு வருகிற கோபம் அங்கே ஊறியது.

அப்புறம் லாச்சிக் கணக்கு. கடை பூட்ட முதல் எண்ணி எழுத வேண்டும். காசு குறைந்தால் சம்பளத்தில் வெட்டமாட்டார். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வைப்பார். "குறைஞ்சால் உன்ர காசைப் போடாத, கூடினால் எடுக்காத, ஏன் என்று கண்டுபிடி." இப்போது கண்டி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு நான்தான் பார்க்கிறேன். கணக்கியல் பிறகு படித்தேன், சோதனையும் எழுதினேன். ஆனால் கணக்கு ஏன் சரியாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சின்னக் கடையில்தான் விளங்கியது.

சிங்களமும் அங்கேதான் பழகினேன். கந்தளாய், சேருவில பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், சீனக்குடாவில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். முதலில் இலக்கம், பிறகு காசுக் கதை, பிறகு சுகநலம். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் வாழ்ந்தாலும் பள்ளிக்கூடங்கள் எங்களைப் பிரித்துத்தான் வைத்திருந்தன. ஒருவரோடு ஒருவர் சாமான் வாங்கி, பேரம் பேசி, மிச்சக் காசு கொடுத்துப் பழகுகிற இடம் கடைதான். பிள்ளையைக் கடைக்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஊரே மாறியது. வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஏ.எல். முடித்துவிட்டு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகளுக்கு உடனே வேலை. பெரிய வாகனம், பெரிய சம்பளம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பல குடும்பங்கள் அந்தக் காசில்தான் எழும்பின. மூன்று இடத்தில் கொட்டேஷன் எடுப்பது, வவுச்சர் வைப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் அந்தப் பிள்ளைகள் அங்கே நன்றாகப் பழகினார்கள். திட்டம் முடிந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. முதல் சம்பளமே அந்த உயரத்தில் வாங்கியவர்களுக்கு ஊரில் கிடைத்த எந்த வேலையும் சிறிதாகத் தெரிந்தது. சிலர் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். நன்றாக வேலை தெரிந்த பிள்ளைகள் அவர்கள். இந்த வேலை இத்தனை வருடத்துக்குத்தான், அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று வேலை கொடுத்தவர்கள் ஒருநாள் இருத்திக் கதைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

நான் பிறகு போன இன்னொரு இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பெரிய கடை, நல்ல வியாபாரம். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி என்று வெட்டினார்கள். விலகும்போது விசாரித்தால் எங்கள் பெயரில் கணக்கே இல்லை. வெட்டிய காசு எங்கும் கட்டப்படவில்லை. காசு போனதைவிட என்னைப் பாதித்தது வேறு. அங்கே முதல் வேலைக்கு வந்திருந்த பெடியள் இதைக் கண்டுபிடித்ததும் தாங்களும் எடுக்கத் தொடங்கினார்கள். பில் போடாமல் சாமான் போனது. நிறுவையில் கை வைத்தார்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மேலே இருக்கிறவர் எடுக்கிறார், அதனால் நானும் எடுக்கலாம் என்பதுதான் அந்தப் பிள்ளைகள் வேலை என்று தெரிந்துகொண்ட முதல் பாடம். அந்தப் பாடத்தை அவர்கள் அடுத்த கடைக்கும் கொண்டுபோயிருப்பார்கள்.

சட்டத்தில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. ஈ.பி.எஃப். சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. தொழிலாளியிடம் 8 வீதம் வெட்டலாம், முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்று இன்னொரு 3 வீதமும் முதலாளியே போட வேண்டும், அதைச் சம்பளத்தில் வெட்ட முடியாது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த சம்பளம் மாதம் 30,000 ரூபா, நாட்கூலி 1,200 ரூபா. அந்த 30,000த்தையே வைத்துப் பாருங்கள். பிள்ளையின் பங்கு 2,400, முதலாளியின் பங்கு 3,600, ஈ.டி.எஃப். 900. மாதம் 6,900 ரூபா பிள்ளையின் பெயரில் சேர வேண்டும். அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் ஈ.பி.எஃப். கட்டாவிட்டால் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை முதலாளிக்கு மேலதிகக் கட்டணம் விழும்.

"இப்ப பழகிற காலம்தானே, நிரந்தரமாக்கின பிறகு பார்ப்பம்" என்கிறார்கள். அப்படி ஒரு விலக்கு இல்லை. தற்காலிகம், பயிலுநர் என்று எந்தப் பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். உண்டு. மூன்று மாதம் பழகட்டும் என்று சம்பளமே கொடுக்காமல் வைத்திருந்து, மூன்றாம் மாத முடிவில் வேறு பிள்ளையை எடுக்கிற கடைகளும் இருக்கின்றன. அதைப் பயிற்சி என்று சொல்ல என் வாய் வராது.

வயது விஷயமும் இருக்கிறது. வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஓ.எல். எழுத முதலே பிள்ளையை நிறுத்தி வேலைக்கு விடுவதை எந்த வறுமையின் பெயராலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தகப்பனோடு விடுமுறையில் கரைவலை இழுக்கப் போகிற பிள்ளையை நான் சொல்லவில்லை. அது வேறு. பள்ளிக்கூட நாளில் காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டி தூக்குகிற பிள்ளையைச் சொல்கிறேன்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் காலத்தில் ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்க விருப்பம். பில்லில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் எடுக்கிறார்கள் அல்லவா, அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று உங்களுக்குக் காட்டுகிறார்களா? அந்த வேலையில் பலருக்கு அடிப்படைச் சம்பளத்தைவிட அதுதான் பெரிய தொகை. நல்ல இடங்களில் மாத முடிவில் எவ்வளவு சேர்ந்தது, ஒவ்வொருவருக்கும் கணக்கு வைக்கிற பங்குப் புள்ளி ஒன்றுக்கு எவ்வளவு என்று பலகையில் போடுவார்கள். போடாத இடத்தில் சேருமுன் கேளுங்கள். கேட்டதற்காக வேலை தரமாட்டோம் என்றால் அந்த இடத்தைப் பற்றி அப்போதே தெரிந்துவிட்டது.

கடை வைத்திருக்கிற அண்ணன்மாரிடம், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். புடவைக் கடைகளில் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். ஆள் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் கமெராவில் பார்த்துப் போன் வரும். தீபாவளிச் சீசனில் ஒரு பிள்ளை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீங்கின கால் திரும்ப உள்ளே போகாமல் அந்தரப்பட்டதைக் கண்ணால் கண்டேன். கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள். நாங்கள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரை என்ன விலை? வாடிக்கையாளருக்கு முன்னால் பிள்ளையை ஏசாதீர்கள். பிழை விட்டால் பின்னுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சம்பள நாளில் சம்பளம் கொடுங்கள். நியமனக் கடிதம் ஒன்று கொடுங்கள், விலகும்போது சேவைக் கடிதம் கொடுங்கள். பிள்ளைகள் நிலைத்து நிற்கிறார்கள் இல்லை என்று குறைப்படுகிற பல கடைகளில் இதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரசாங்க நியமனம் வரும்வரை எந்த வேலைக்கும் போகமாட்டேன் என்று வருடக்கணக்கில் இருக்கிற பட்டதாரிகள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களுடைய போராட்டத்தின் நியாயம் எனக்குத் தெரியும், சத்தியாக்கிரகக் கொட்டகையில் நானும் போய் இருந்திருக்கிறேன். ஆனாலும் அந்த வருடங்களில் ஒரு கடையிலோ கராஜிலோ பண்ணையிலோ கை வைத்தவர்கள் நியமனம் கிடைத்த பிறகும் வேறு மாதிரி அலுவலர்களாக இருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற ஆளின் அரை நாள் கூலி போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கடதாசி இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மேசன், வயறிங், சமையல் என்று வேலை செய்து பழகியவர்கள், வகுப்புக்குப் போகாமலே செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் சம்பளத்தில் வித்தியாசம் காட்டும்.

எங்கள் கடைக்கும் இந்த முறை ஏ.எல். எழுதின இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பிள்ளையின் தாய் வந்து, எத்தனை மணிக்கு விடுவீர்கள், ஈ.பி.எஃப். கட்டுகிறீர்களா, பின்னேரம் என்னத்தில் வீட்டுக்கு வருவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "குறை நினைக்காதைங்கோ தங்கச்சி" என்றார். நான் ஏன் அக்கா குறை நினைக்கப் போகிறேன்? முதலாளியையும் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வைத்தேன். நீங்களும் போய்க் கேளுங்கள். ஈ.பி.எஃப். கட்டாத, சம்பளம் கொடுக்காத இடம் என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், அதற்குக் காசு இல்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.